பெங்களூரில் மழைநீர் சேகரிப்பு: யாருக்குக் கட்டாயம், எதற்காக

பெங்களூரில் மனை என்றாலே '30-க்கு 40 சைட்', '60-க்கு 40 சைட்' என்றுதான் பேச்சு. மழைநீர் சேகரிப்பு விதியும் அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. குடிநீர் வாரியச் சட்டத்தில் 2009-இல் வந்த திருத்தப்படி, 1,200 சதுர அடியோ அதற்கு மேலோ உள்ள மனையில் புதிதாகக் கட்டினால் இது கட்டாயம். அதற்கு முன்பே கட்டிய வீடு என்றால், 2,400 சதுர அடியிலிருந்து.

செய்யாவிட்டால் தண்ணீர் பில்லிலேயே அபராதம் ஏறும்: வீடுகளுக்கு முதல் 3 மாதம் ஒரு வீதம், அப்புறம் அதைவிட அதிகம். கடை, ஆபீஸ்களுக்கு இன்னும் கூடுதல். வாடகைக்குப் போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் பழைய பில் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

சரி, எதற்கு இந்தக் கெடுபிடி? முதலில் வேறு மாதிரி நிலத்தைப் பாருங்கள். வறண்ட சுண்ணாம்புப் பாறைப் பகுதிகளில் சின்னத் தூறல் மேல்மண்ணோடு நின்று ஆவியாகிவிடும். எப்போதாவது கொட்டும் பெருமழைதான் பாறை வெடிப்புகள் வழியே விறுவிறுவென இறங்கி நிலத்தடி நீரை உயர்த்தும். மழைநீர் மெல்லமெல்லக் கரைத்து அகலப்படுத்திய வெடிப்புகள் அவை. பெங்களூருக்கு அடியில் இருப்பதோ கிரானைட், நைஸ் வகைப் பாறை, அப்படிக் கரையாது. அதன் மேலுள்ள மண்ணும் மக்கிய பாறையும்தான் தண்ணீரை உள்ளே விட வேண்டும். அதன்மேல் நாம் சிமென்ட் பூசிவிட்டோம். ஏப்ரல், மே மாத இடிமழை அரை மணியில் கொட்டி, நேராக ராஜகாலுவே எனும் பெரிய மழைநீர்க் கால்வாய்க்குப் போய்விடுகிறது.

1,000 சதுர அடி மொட்டை மாடியில் 10 மி.மீ. பெய்தால் சுமார் 930 லிட்டர். அதைச் சம்ப்பில் (தரைக்கடித் தொட்டியில்) பிடிக்கலாம்; நிரம்பி வழிவதை, நீரை நிலத்துக்குள் இறக்கும் ரீசார்ஜ் கிணற்றில் விடலாம். 3 அடி அகலம், 20 அடி ஆழத்துக்குத் தோண்டி, சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினால், ஏறக்குறைய 4,000 லிட்டர் பிடிக்கும். அடியில் சிமென்ட் போட்டு மூடிவிடாதீர்கள். கிணறு வெறும் தொட்டியாகிவிடும். அரை மணியில் கொட்டியது உள்ளே நின்று, ஆற அமர மண்ணில் இறங்கட்டும்.

சீசனின் முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். மாடித் தூசியும் புறா எச்சமும் அதில்தான் வரும். பிறகு வருவதையும் வடிகட்டித்தான் விட வேண்டும். கழிவுநீர்க் குழாயோடு மழைக் குழாயைச் சேர்க்கவே கூடாது. மாதிரிகளைப் பார்க்க, ஜெயநகரில் வாரியமே நடத்தும் விஸ்வேஸ்வரய்யா மழைநீர் சேகரிப்புப் பூங்காவுக்குப் போகலாம். பெங்களூரில் செப்டம்பரில்தான் மழை அதிகம். அதற்கு முன் தோண்டி முடித்துவிடுங்கள்.