கடைசி நாள் டைவ், காலை விமானம், மரத்துப்போன கை

வெனிசுவேலாக் கரைக்கு வடக்கே, கரீபியக் கடலின் தென்கோடியில் உள்ள பொனேர் தீவில் நீரடி மருத்துவம் பார்க்கும் எனக்குச் சனிக்கிழமை என்றாலே கலக்கம்தான். ஊர் திரும்பும் பயணிகள் அன்று அதிகம். பெட்டியோடு வந்து, "டாக்டர், கை கொஞ்சம் மரத்தாற்போல் இருக்கிறது, ஆனால் இன்னும் சற்று நேரத்தில் விமானம்" என்று நிற்பவர்களும் அன்றுதான் அதிகம். அண்மையில் வந்தவர் அமெரிக்காவில் குடியேறிய நம்மவர். நாள்தோறும் நான்கு டைவ் (சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி கடலுக்குள் முங்கும் ஸ்கூபா) செய்தவருக்கு முந்தைய மாலை முதல் இடது தோளில் வலி, விரல் நுனிகளில் ஊசி குத்துவது போன்ற உணர்வு. மாத்திரை விழுங்கி, மனைவியைத் தைலம் தேய்க்கச் சொல்லி இரவைக் கழித்திருக்கிறார். நான் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே மணிக்கட்டிலிருந்த டைவ் கம்ப்யூட்டரைக் கழற்றி மேசைமேல் வைத்து, "இது ஒரு தடவைகூட எச்சரிக்கவில்லை, ஆகவே இது பெண்ட்ஸாக இருக்க முடியாது" என்றார்.

பெண்ட்ஸ் என்பது, ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன், மேலே வந்து அழுத்தம் குறையும்போது குமிழிகளாகப் பிரிவதால் வரும் நோய். கருவியைக் காட்டி அதை மறுக்கும் இந்த வாதத்தை எத்தனை முறைதான் கேட்பது? அந்தக் கருவிக்குத் தெரிந்தவை நீங்கள் இருந்த ஆழமும் கழித்த நேரமும்தான். சில கருவிகள் நீரின் வெப்பநிலையையும் சிலிண்டரின் அழுத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும். அவற்றை வைத்து, கற்பனையான ஓர் உடலில் எவ்வளவு நைட்ரஜன் கரைந்திருக்கும் என்று அது கணக்கிடுகிறது. அந்த உடல் உங்களுடையது அன்று. நேற்றிரவு நீங்கள் குடித்த ரம்மும், இன்று குடிக்காமல் விட்ட தண்ணீரும், உங்கள் வயதும் அதற்குத் தெரியாது. பிறந்தவுடன் மூடிக்கொள்ள வேண்டிய இதயத் துளை, ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குப் பெரியவரான பின்னும் முழுதாக மூடுவதில்லை. அதன் வழியே குமிழிகள் தமனிப் பக்கம் சென்றுவிடலாம் என்பதும் அதற்குத் தெரியாது. 'ஆயிரம் படிகள்' என்று பெயர் பெற்ற இடத்தில் முங்கிவிட்டு, உண்மையில் எழுபதை ஒட்டிய அந்தப் படிகளில் சிலிண்டரைச் சுமந்தபடி மூச்சிரைக்க நீங்கள் ஏறியதும் அதற்குத் தெரியாது. கம்ப்யூட்டரின் வரம்பை மீறாதவர்களுக்கும் இந்நோய் வருகிறது. அழுத்தத்தை உயர்த்தி ஆக்சிஜன் கொடுத்துச் சிகிச்சை செய்யும் எங்கள் அழுத்த அறையில் படுப்பவர்களில் பலர் அத்தகையோரே. கணவனும் மனைவியும் ஒரே கருவியைப் பகிர்ந்துகொள்ளும் சிக்கனத்தைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை.

பொனேரின் வசதியே இங்குள்ள ஆபத்து. படகுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சாலையோரத்தில் இடப்பெயர் எழுதிய மஞ்சள் கற்களைப் பார்த்து வண்டியை நிறுத்தி, பின்புறம் அடுக்கிய சிலிண்டர்களில் ஒன்றை மாட்டிக்கொண்டு கரையிலிருந்தே கடலுக்குள் இறங்கிவிடலாம். "போதும்" என்று சொல்ல அருகில் எவரும் இருக்க மாட்டார். நைட்ரஜனைக் குறைத்து ஆக்சிஜனைக் கூட்டிய நைட்ராக்ஸ் கலவையைப் பயன்படுத்துகிறோம் என்று சமாதானம் சொல்பவர்கள், அது தரும் கூடுதல் நேரத்தைக் கடைசி நிமிடம் வரை செலவழித்துவிட்டால் பாதுகாப்பில் மிச்சம் ஏதும் இராது என்பதை உணர வேண்டும்.

விமானத்துக்கு வருகிறேன். பயணிகள் அறையில் அழுத்தம் சரிசெய்யப்படுகிறது என்பது உண்மையே. ஆனால் அது கடல் மட்டத்தின் அளவுக்கு அன்று, சுமார் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்கு இணையான அளவு வரை குறையக்கூடும். உடலில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் அப்போது குமிழிகளாகலாம். ஆகவே ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரமும், பல டைவ்கள் அல்லது பல நாள் டைவ்கள் என்றால் குறைந்தது 18 மணி நேரமும் இடைவெளி வேண்டும். என்னைக் கேட்டால் 24 என்பேன். பக்கத்துத் தீவான குராசாவ் வரை அரை மணி நேரம்தானே என்பவர்களுக்கும் என் விடை இதுவே.

டைவுக்குப் பின் மூட்டு வலி, மரமரப்பு, தலைசுற்றல், அளவுக்கு மீறிய களைப்பு, வயிற்றிலோ தொடையிலோ பளிங்குக்கல் போன்ற திட்டுகள், சிறுநீர் கழிக்க இயலாமை ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே சொல்லுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. உங்களுக்குத் தேவை முகமூடி வழியே தூய ஆக்சிஜன், சுயநினைவு தெளிவாக இருந்தால் குடிக்கத் தண்ணீர், பிறகு மருத்துவர். தைலம் தேய்க்காதீர்கள், "கீழே போனால் சரியாகிவிடும்" என்று மீண்டும் கடலில் இறங்காதீர்கள். மேலே வரும்போது நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாதீர்கள். 5 மீட்டரில் 3 நிமிடம் நில்லுங்கள். மீன் எதுவும் கண்ணில் படாவிட்டாலும் நில்லுங்கள்.

நம்மவர் அன்று விமானம் ஏறவில்லை. 18 மீட்டர் ஆழத்துக்கு இணையான அழுத்தத்தில் தொடங்கி, ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆக்சிஜன் சுவாசித்தபடி அழுத்த அறையில் இருந்தார். தோள்வலி அன்றே போயிற்று. விரல்களுக்கு மேலும் சில அமர்வுகள் தேவைப்பட்டன. முந்தைய மாலையே வந்திருந்தால் அவை தேவைப்பட்டிருக்காது என்றே நினைக்கிறேன். அவருடைய சாதாரணப் பயணக் காப்பீடு ஸ்கூபாவை விலக்கியிருந்தது. உங்களுடையதைக் கிளம்பும் முன் படித்துப் பாருங்கள்.

கடைசி நாளை என்ன செய்வது என்று கேட்பவர்களைத் தெற்கே உப்பளங்களின் பக்கம் பூநாரைகளைப் பார்க்க அனுப்புகிறேன். ஸ்நார்கெல் என்னும் மூச்சுக்குழாயை மாட்டிக்கொண்டு நீர்ப்பரப்பில் மிதப்பதற்கும் தடையில்லை. தீவின் மிக உயர்ந்த பிராண்டாரிஸ் குன்று 241 மீட்டர்தான் என்பதால் காரில் அதன் பக்கம் போவோரை நான் தடுப்பதில்லை. கரீபியக் கடலிலேயே உள்ள சேபா தீவுக்குப் போவோரிடம் மட்டும் இந்தத் தாராளம் காட்ட மாட்டேன். அங்கே மவுண்ட் சீனரி 850 மீட்டருக்கும் மேல், டைவ் முடித்த அன்றே அதில் ஏறுவதும் விமானம் ஏறுவதைப் போன்றதே.