வயல்வெளிக் கச்சேரியும் 65 டெசிபெல்லும்

இங்கிலாந்தில் ஒரு விவசாயி, தனியாகத் திட்ட அனுமதி கேட்காமலே, தன் வயலை ஆண்டுக்கு 28 நாட்கள் வரை வேறொரு தற்காலிகப் பயன்பாட்டுக்கு விடலாம். அறுவடை முடிந்த நிலத்தில் மேடை போட்டு இசைவிழா நடத்துவதும் இதில் அடங்கும். ஆனால் நிலத்துக்குக் கிடைத்த இந்தச் சலுகை ஒலிக்குச் செல்லாது. கூட்டம் 500 பேரை எட்டுமானால் உள்ளாட்சி மன்றத்திடம் உரிமம் பெற வேண்டும். அந்த உரிமத்தோடு வரும் நிபந்தனைகளில் அதிகத் தகராறுக்கு இடமளிப்பது ஒலி அளவு பற்றியதுதான்.

அந்த நிபந்தனையை வகுக்கப் பல மன்றங்கள் அடிப்படையாகக் கொண்டது, 1995ஆம் ஆண்டு அந்நாட்டின் ஒலித்தொல்லை வல்லுநர் அமைப்பான நாய்ஸ் கவுன்சில் வெளியிட்ட நெறிமுறை. ஓரிடத்தில் ஆண்டுக்கு மூன்று நாட்களுக்கு மேல் கச்சேரி நடக்காது என்றால், கிராமப்புறத்தில் அருகிலுள்ள வீட்டின் முகப்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி அளக்கும்போது, 15 நிமிடச் சராசரி 65 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது. நான்கு முதல் பன்னிரண்டு நாட்கள் வரை நடந்தால் நிலையான எண் போய்விடும். அந்த ஊரின் பின்னணி ஒலியைவிட 15 டெசிபெல்லுக்கு மேல் இசை உயரக் கூடாது என்பது விதியாகிவிடும். பார்வைக்குச் சிறிய மாற்றம்தான். ஆனால் பின்னணி ஒலி 30 டெசிபெல்லாக இருக்கும் அமைதியான ஒரு கிராமத்தில் இசைக்கான உச்சவரம்பு 45க்கு இறங்கிவிடுகிறது. டெசிபெல் என்பது மடக்கை அளவு, 10 டெசிபெல் மாறினால் ஆற்றல் பத்து மடங்கு மாறும் என்பதால், இந்த 20 டெசிபெல் இறக்கத்துக்கு ஒலி ஆற்றலை நூறில் ஒரு பங்காக்க வேண்டும். நான்காவது நாள் கச்சேரிக்கு ஆசைப்படும் அமைப்பாளர் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்ப்பது நல்லது.

மேடையில் எழும் ஒலி வீட்டு வாசலை எந்த அளவில் அடைகிறது? திறந்தவெளியில் தொலைவு இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். மேடையிலிருந்து 30 மீட்டரில், ஒலிப்பொறியாளர் அமர்ந்திருக்கும் மிக்சர் மேசையருகே 98 டெசிபெல் இருந்தால், 960 மீட்டருக்கு அப்பால், அதாவது ஐந்து இரட்டிப்புகளுக்குப் பிறகு, 68 மிஞ்சும். தரையும் காற்றும் இன்னும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் காற்று எல்லாச் சுருதிகளையும் ஒரே மாதிரி உறிஞ்சுவதில்லை. 4,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் கிலோமீட்டருக்கு இருபது டெசிபெல்லுக்கு மேல் தின்றுவிடும் அதே காற்று, 63 ஹெர்ட்ஸில் ஒரு டெசிபெல்லைக்கூடக் குறைப்பதில்லை. பக்கத்து ஊர்க் கொடைவிழாவில் பாட்டு வரிகள் ஒன்றும் புரியாமல், 'தும் தும்' என்ற தாளம் மட்டும் நம் படுக்கை வரை வந்து சேர்வது இதனால்தான்.

வேலியும் மரங்களும் இதைத் தடுக்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு. 63 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 5.4 மீட்டர். அந்த அளவுள்ள அலைக்கு ஒரு வரிசை மரங்களோ வைக்கோல் கட்டுகளோ பொருட்டே இல்லை, வளைந்து கடந்துவிடும். வீட்டின் சுவரும் சன்னலும்கூட உயர் சுருதிகளைத் தடுக்கும் அளவுக்கு இதைத் தடுப்பதில்லை. அது மட்டுமா? இரு சுவர்களுக்கு இடையே 2.7 மீட்டர் இருக்கும் அறை இந்த அலையில் சரியாகப் பாதியைக் கொள்ளும் என்பதால், அறைக்குள் அது ஒத்ததிர்ந்து சுவரோரத்தில் வலுக்கிறது. கட்டில்களை நாம் சுவரோரமாகத்தானே போடுகிறோம்.

விதியின் ஓட்டை இங்கேதான் தெரிகிறது. நெறிமுறை சொல்லும் 65 என்பது 'ஏ' எடையிட்ட டெசிபெல். மனிதக் காது தாழ்ந்த சுருதிகளுக்கு மந்தமானது என்பதால், அளவுமானி அந்தச் சுருதிகளின் மதிப்பைக் குறைத்தே கூட்டிக்கொள்ளும். 63 ஹெர்ட்ஸில் கழிவு 26 டெசிபெல். ஆகவே அந்த அதிர்வெண் பட்டையில் 80 டெசிபெல் வந்து மோதினாலும் மானியின் கணக்கில் அது 54தான். சட்டப்படி குறையொன்றும் இல்லை, ஆனால் வீட்டுக்காரருக்குத் தூக்கமும் இல்லை. இதை நெறிமுறையை எழுதியவர்களும் அறிந்திருந்தார்கள்: 63 அல்லது 125 ஹெர்ட்ஸ் பட்டையில் 70 டெசிபெல் வரை பொறுத்துக்கொள்ளலாம், 80 ஆனால் கணிசமான தொல்லை என்று குறிப்புப் பகுதியில் சேர்த்தார்கள். அதைக் குறிப்பில் ஒதுக்காமல் விதியாகவே வைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளும் இதே 'ஏ' எடையைத்தான் பயன்படுத்துகின்றன. நடுச் சுருதிகளில் அலறும் கூம்பு ஒலிபெருக்கி அந்த வலையில் எளிதில் சிக்கும். நெஞ்சை அதிரவைக்கும் டிஜே பேஸ் பாக்ஸ் பெரிதும் நழுவிவிடும்.

ஒலிப்பொறியாளர்கள் இதை நிகழ்ச்சிக்கு முன்பே சோதித்துப் பார்க்கிறார்கள். அனைத்துச் சுருதிகளும் கலந்த சோதனை இரைச்சலை ஒலிக்கவிட்டு, மிக்சர் மேசையில் ஒரு மானியும் வீட்டருகே ஒரு மானியும் வைத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். வித்தியாசம் 33 என்றால், வீட்டில் 65க்குள் நிற்க மேசையில் 98ஐத் தாண்டக் கூடாது. பேஸ் பெட்டிகளில் ஒன்றைப் பின்னோக்கித் திருப்பி, அதற்குச் செல்லும் ஒலியலையைத் தலைகீழாக்கிச் சில மில்லி நொடிகள் தாமதப்படுத்தினால், மேடைக்குப் பின்புறம் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஊர் பின்பக்கம் இருந்தால் இது நன்றாகவே பலன் தரும்.

ஆனால் மதியம் எடுத்த அந்த 33, இரவு வரை 33ஆகவே இருப்பதில்லை. வெயில் நேரத்தில் தரையை ஒட்டிய காற்று சூடாகவும் மேலே குளிராகவும் இருக்கிறது. சூடான காற்றில் ஒலி வேகமாகச் செல்லும், ஒரு பாகை செல்சியசுக்கு நொடிக்கு 0.6 மீட்டர் வீதம். அதனால் பகலில் ஒலி மேல்நோக்கி வளைந்து, தொலைவிலுள்ள வீடுகளைத் தாண்டிப் போய்விடும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை முதலில் குளிர்வதால் அடுக்கு தலைகீழாகி, மேலே போன ஒலி கீழே வளைந்து இறங்குகிறது. பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே என்று சொன்னவர் இந்த இயற்பியலையும் சேர்த்தே சொல்லியிருக்கலாம். மிக்சர் மேசையில் யாரும் எதையும் தொடாமலே, பத்து மணிக்கு வீட்டு வாசலில் மானியின் எண் ஏறுகிறது. அங்கே நிற்பவர் வாக்கிடாக்கியில் 'பேஸைக் குறையுங்கள்' என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஊரை நோக்கிக் காற்று வீசினாலும் இதே கதைதான்.

பதினொரு மணிக்குப் பிறகு நெறிமுறை எண்ணையே கைவிட்டுவிடுகிறது. சன்னல் வழக்கம்போலத் திறந்திருக்கும் வீட்டின் உள்ளே இசை காதில் விழக் கூடாது என்பதே அதன்பின் விதி. அதைச் சோதிக்க வரும் அதிகாரி மானியைப் பையில் வைத்துவிட்டு, யாரோ ஒருவர் வீட்டுப் படுக்கையறையில் விளக்கை அணைத்துவிட்டு, மூச்சடக்கி நின்று கேட்க வேண்டும்.