நோய்முதற் பங்கு: ‘வாய்ப்பு’ என்று எழுதாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் தந்த துண்டறிக்கை, கதிர்வீச்சுக்கு ஆளாகிப் புற்றுநோய் கண்டவரின் இழப்பீட்டுக்காக, அந்நோய்க்குக் கதிர்வீச்சு எவ்வளவு காரணம் என்று கணக்கிடும் எண்ணை ‘புற்றுநோய் வாய்ப்பு’ என்று அச்சிட்டிருந்தது. இந்தத் தவறு என் கண்ணில் படுவது இது நான்காம் முறை. பக்கத்தில் இருந்த ஆயா ஒருவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “வந்துட்ட நோய்க்கு இனி என்ன வாய்ப்பு?” என்றார். மொழிபெயர்த்தவர் தம்மைத் தாமே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

ஆங்கில மூலச்சொல் ‘பிராபபிலிட்டி ஆஃப் காசேஷன்’; சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், காரணமாக இருந்ததன் நிகழ்தகவு. 1983இல் அமெரிக்கச் சட்டம் ஒன்று இதற்கான அட்டவணைகளைக் கேட்டது. 1985இல் அவை வெளிவந்தன. பிறப்பு இவ்வளவுதான்.

கதிர்வீச்சால் வந்த புற்றும் பிற காரணத்தால் வந்த புற்றும் நுண்ணோக்கியின்கீழ் ஒன்றுபோலவே தெரிவதால், கட்டியைப் பார்த்துக் காரணம் சொல்ல இயலாது. எனவே கதிரளவு, வயது, பால், புற்றின் வகை ஆகியவற்றில் ஒத்த பெருங்கூட்டத்தை எடுத்துக்கொள்கிறார்கள். கதிர்வீச்சு இல்லாதிருந்தால் 60 பேருக்கு வந்திருக்கும் நோய் 100 பேருக்கு வந்திருந்தால், மிகுதியான 40ஐ மொத்தமான 100ஆல் வகுக்க, 40 விழுக்காடு கிடைக்கிறது. பிரிட்டனின் அணுத்துறைத் தொழிலாளர் திட்டத்தில் இவ்வெண் 20 விழுக்காட்டை எட்டினாலே ஒரு பகுதி இழப்பீடு உண்டு. ‘வாய்ப்பு’ என்று படிப்பவரோ, கதிர் பட்டவரில் நூற்றுக்கு நாற்பது பேருக்குப் புற்று வரும் என்று நடுங்கிப்போவார். மேலும், வேலைக்கும் வாய்ப்பு, புற்றுக்கும் வாய்ப்பா? நல்லது கைகூடுவதைச் சொல்லும் சொல்லை நோயின் தலையில் கட்டுவது காதுக்கே பொறுக்கவில்லை.

கற்றவர்கள் ‘காரண நிகழ்தகவு’ என்கிறார்கள். கணிதத்தில் நிகழ்தகவு நல்ல சொல். நடந்து முடிந்ததற்கும் அது பொருந்தும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பாமரர் காதில் ‘நிகழ்’ என்பது இனி நிகழ்வதாகவே விழுகிறது. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இவ்வெண் கூட்டத்துக்கு உரியது, தனியொருவரின் நிகழ்தகவாக அதைக் கொள்ள முடியாது என்பதால், 1984இலேயே அமெரிக்க அறிவியலாளர் குழு ஒன்று அதை ‘ஒதுக்கிய பங்கு’ என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தது. ஆங்கிலம் தானே ஐயுற்ற சொல்லை நாம் அப்படியே பெயர்த்து வைத்துக்கொண்டிருக்கிறோம். அகராதியில் நிகர்ச்சொல் கிடைத்ததும் பேனாவை மூடிவிடும் மொழிபெயர்ப்பாளர்களிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது?

நான் சொல்வது ‘நோய்முதற் பங்கு’. “நோய்நாடி நோய்முதல் நாடி” என்ற குறளில் ‘முதல்’ என்பது நோயின் காரணம்; அந்தக் காரணத்தில் கதிர்வீச்சுக்கு உரிய கூறு, பங்கு. ‘காரணம்’ வடசொல் என்று ஒதுக்கி ‘ஏதுப் பங்கு’ என்ற நண்பருக்கு, ‘ஏது’வும் ‘ஹேது’விலிருந்து வந்ததே என்று நினைவூட்ட வேண்டியிருந்தது.

இச்சொல்லுக்கும் எல்லை உண்டு. தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கப் பகுதியான விட்வாட்டர்ஸ்ராண்டின் தங்கப் பாறையில் யுரேனியமும் உண்டு. அதன் வழித்தோன்றலான ரேடான் வாயு நுரையீரற் புற்றை உண்டாக்க வல்லது. சுரங்கத்தில் உழைத்தவர் புகைபிடிப்பவராகவும் இருந்தால், இரண்டும் ஒன்றையொன்று பெருக்குவதால், பங்குகளைக் கூட்டினால் நூற்றைத் தாண்டலாம். பாகப்பிரிவினைபோல் துண்டுபோட முடியாத பங்கு இது என்பதை மொழிபெயர்ப்பாளர் ஒரு வரியிலாவது சேர்த்து எழுத வேண்டும். கடைக்காரர்கள் ‘முதல்’ என்றால் போட்ட பணம் என்று நினைப்பார்கள் என்றும் ஆயா எச்சரித்தார். அந்தக் குழப்பம் ‘வாய்ப்பு’ தரும் அச்சத்தைவிட எளிதில் தெளியும்.