வோல்ட்மீட்டர் மின்னோட்டமானி அல்ல

போன மாதம் என் காரின் டேஷ்போர்டில் வைப்பதற்கு ஒரு வோல்ட்மீட்டர் வாங்கிக்கொண்டு சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் உள்ள ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். அங்கே வயரிங் பார்க்கும் தம்பி புதுக்கோட்டைக்காரர். பெட்டியைப் பிரித்தவர் உள்ளே மடித்து வைத்திருந்த தாளை எடுத்தார். எட்டு மொழிகளில் அச்சிட்ட தாள், தமிழும் இருந்தது. நின்றபடியே படித்தார். பிறகு வயர் கட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "அண்ணே, மின்னோட்டமானின்னு போட்டிருக்கான். அப்ப தொடர் இணைப்புலதானே வரும்? பேட்டரி பாசிட்டிவ் கேபிளை வெட்டவா?"

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. தமிழ்வழியில் படித்தவர். மின்னோட்டமானியை மின்னோட்டம் அதன் வழியாகவே போகும்படி தொடரிணைப்பிலும், மின்னழுத்தமானியை இரு முனைகளுக்கும் குறுக்கே பக்க இணைப்பிலும் பூட்ட வேண்டும் என்று பள்ளியில் படித்ததை மறக்காமல் வைத்திருக்கிறார். தாள் சொன்னதை அப்படியே நம்பினார். தாள்தான் பொய் சொன்னது: வோல்ட்மீட்டர் மின்னழுத்தமானி.

வோல்ட்மீட்டரை மின்னோட்டமானி என்று சொல்வதைக் கேட்பது எனக்கு இது முதல் முறையன்று. கார் துணைப்பொருள்களைப் பற்றிய தமிழ்க் காணொளிகளில் கேட்டிருக்கிறேன், இணையக் கடைகளின் பொருள் விவரத்தில் படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் போகட்டும் என்று விட்டுவிடுவேன். கேபிளை வெட்டக் கை போன பிறகு விட மனம் வரவில்லை.

முதலில் மூலச்சொல். இத்தாலியின் கோமோ நகரத்து அலெசாண்டிரோ வோல்ட்டா 1800-இல் உலகுக்கு அறிவித்த மின்கலஅடுக்குதான் இன்றைய பேட்டரிக்கு முன்னோடி. அவர் பெயரிலிருந்து வோல்ட் என்ற அலகு வந்தது. 1881-இல் பாரிசில் கூடிய மின்னியல் மாநாடு அதை ஏற்றுக்கொண்டது. மீட்டர் என்பது அளவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. ஆக, வோல்ட்டை அளப்பது வோல்ட்மீட்டர். ஆம்பியரை அளப்பது அம்மீட்டர். அந்தப் பெயர் பிரான்சு நாட்டு ஆம்பியரிடமிருந்து வந்தது. இரண்டு அறிஞர்கள், இரண்டு அலகுகள், இரண்டு கருவிகள். தமிழிலும் இரண்டு சொற்கள் முறையாகவே இருக்கின்றன: வோல்ட் மின்னழுத்தம், ஆம்பியர் மின்னோட்டம். எனவே மின்னழுத்தமானி, மின்னோட்டமானி. இதில் குழப்பத்துக்கே இடமில்லை.

பிறகு ஏன் குழப்புகிறார்கள்? நம் பேச்சுத்தமிழில் மின்சாரம் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் கரண்ட் என்ற ஒரே சொல்தான். கரண்ட் போச்சு, கரண்ட் அடிச்சிடுச்சு, கரண்ட் பில் வந்துடுச்சு. ஊரில் மாலை நேரம் மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் "கரண்ட் கம்மியா வருது" என்பார்கள். குறைந்திருப்பது உண்மையில் வோல்டேஜ். பேச்சுக்கு அது போதும், நானும் அப்படித்தான் பேசுகிறேன். ஆனால் மொழிபெயர்ப்பவர் அந்தக் கரண்ட்டை மனத்தில் வைத்துக்கொண்டே அகராதியைத் திறக்கிறார். கரண்ட் என்றால் மின்னோட்டம் என்று அது சரியாகவே சொல்கிறது. அவர் அதை எடுத்து வோல்ட்மீட்டரின் தலையில் கட்டிவிடுகிறார். பேச்சுவழக்கின் தளர்ச்சியும் அகராதியின் இறுக்கமும் தப்பான இடத்தில் சந்திக்கின்றன.

ஓட்டமும் அழுத்தமும் எவ்வளவு வேறு என்பதற்குத் தண்ணீர்க் குழாயே போதும். மொட்டைமாடித் தொட்டி நிறைந்திருக்கிறது, கீழே குழாய் மூடியிருக்கிறது. ஓட்டம் இல்லை. ஆனால் குழாய்க்குப் பின்னால் தண்ணீர் அழுத்திக்கொண்டு நிற்கிறது. காரை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகு பேட்டரி இருக்கும் நிலையும் அதுதான். ஓட்டம் ஏறக்குறைய இல்லை. நல்ல பேட்டரியானால் அதன் முனைகளில் 12.6 வோல்ட் நிற்கும். அப்போது மின்னோட்டமானியைப் பார்த்தால் முள் சுழியில் கிடக்கும், பேட்டரியின் நலத்தைப் பற்றி ஒரு சேதியும் சொல்லாது. மின்னழுத்தமானி சொல்லும்.

மின்னோட்டமானி எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினால் பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட்டைப் பாருங்கள். முன்விளக்குக்கு மேல் சின்னதாக ஒரு வட்டம், நடுவில் சுழி, ஒரு பக்கம் கூட்டல் குறி, மறுபக்கம் கழித்தல் குறி. பேட்டரிக்குள் ஓட்டம் போகிறதா, பேட்டரியிலிருந்து வெளியே போகிறதா என்பதை அந்த முள் காட்டும். அந்தக் கருவிக்கு மின்னோட்டமானி என்பது அழகான, சரியான பெயர். ஒரு காலத்தில் பல கார்களின் டேஷ்போர்டிலும் அதுதான் இருந்தது. அது வேலை செய்ய வேண்டுமானால் மின்னோட்டம் அதன் வழியாகத்தான் போக வேண்டும். தடித்த வயரை எஞ்சின் பக்கத்திலிருந்து டேஷ்போர்டுவரை கொண்டுவந்து திரும்பக் கொண்டுபோக வேண்டும். ஓர் இணைப்பு தளர்ந்தாலும் சூடேறும், தீப்பிடிக்கவும் கூடும். மின்னழுத்தமானிக்கு மெல்லிய வயர் போதும். அது ஓட்டத்தின் வழியில் நிற்பதில்லை, பக்கத்தில் நின்று பார்ப்பது. கார்கள் இதற்கு மாறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெயரை மாற்றி எழுதினால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பட்டறைத் தம்பி கேபிளை வெட்டி நடுவில் இந்தக் கருவியை வைத்திருந்தால் என் கார் ஸ்டார்ட் ஆகியிருக்காது. ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மின்னழுத்தமானி தன் வழியாக விடுவது மிகமிகச் சொற்பம். நல்ல கேபிள் ஒன்று வீணாகியிருக்கும், அவ்வளவுதான். தலைகீழாக நடந்தால் கதை வேறு. மின்னோட்டமானியை மின்னழுத்தமானி என்று நம்பிப் பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே பூட்டினால் அது நேரடிக் குறுக்குச்சுற்று. வயர் உருகும். அந்தச் சொல் பிழைக்கு ஒரு தீயே விலையாகலாம்.

இன்னொரு போட்டிச்சொல் மின்மானி. சுருக்கமாக, அழகாக இருக்கிறது என்பார்கள். சுருக்கம்தான், ஆனால் எந்த மின்னை அளப்பது? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வாசலுக்கு வெளியே அலமாரிக்குள் இருக்கும் மீட்டரையும் மின்மானி என்றுதான் சொல்கிறோம். அது அளப்பது கிலோவாட் மணி, மாதக் கட்டணத்துக்கான கணக்கு. கட்டணக் கருவியின் பெயரைக் காருக்குள் கொண்டுவந்தால் படிப்பவர் என்னவென்று எடுத்துக்கொள்வார்? மின்னழுத்தமானியிலிருந்து மின்மானிக்குப் போகிறவர்கள் நடுவிலிருந்து எடுத்துப்போடுவது பொருளைத்தான்.

மின்னழுத்தமானிக்கு எதிராகவும் ஒரு வாதம் உண்டு, அதை மதிக்கிறேன். காரில் மூன்று மானிகளைச் சேர்த்து வைப்பவர்கள் பலர்: நீர் வெப்பமானி, எண்ணெய் அழுத்தமானி, மின்னழுத்தமானி. மூன்றில் இரண்டு அழுத்தமானி என்று முடிகிறதே, அவசரத்தில் மாறிவிடாதா என்கிறார்கள். முதலில் நிற்கும் எண்ணெய், மின் என்ற சொற்கள் வெவ்வேறாக இருக்கும்போது மாறாது என்பது என் எண்ணம். அப்படியும் தயங்குகிறவர்களுக்கு வோல்ட்டுமானி இருக்கிறது. இலங்கைத் தமிழர்களின் அறிவியல் நூல்களில் அம்பியர்மானி, வோல்ற்றுமானி என்று அலகின் பெயரையே வைத்துச் சொல்லும் வழக்கம் பழையது. எந்த அலகை அளக்கிறதோ அந்த அலகே பெயர், தவறுவதற்கு வழியே இல்லை. தூய தமிழ் வேண்டும் என்று நிற்கும் நானே அதைக் குறை சொல்லமாட்டேன். தெளிவான கலப்புச்சொல்லா, தவறான தனித்தமிழ்ச்சொல்லா என்று கேட்டால் முதலாவதன் பக்கம்தான் நிற்பேன்.

மானி வடசொல் அடியிலிருந்து வந்தது, அளவி என்பதே தமிழ் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. மின்னழுத்த அளவி என்று எழுதுங்கள், மகிழ்ச்சியாகப் படிப்பேன். ஆனால் வெப்பமானி, மழைமானி, காற்றழுத்தமானி என்று பிள்ளைகள் வாயில் பழகிவிட்ட வரிசையோடு ஒட்டி நிற்பதால் நான் மானியை விடவில்லை. விவாதம் பின்பாதியைப் பற்றியதாக இருக்கும்வரை யாருக்கும் கெடுதல் இல்லை. முன்பாதியில் கை வைக்காதீர்கள்.

அந்தத் தாளில் பிழை தலைப்போடு நிற்கவில்லை. கறுப்பு வயரை "நிலத்துடன் இணைக்கவும்" என்று எழுதியிருந்தது. காரின் இரும்பு உடம்போடு இணைக்க வேண்டிய வயர் அது. பட்டறையில் எர்த் என்பார்கள், பாடி என்பார்கள், நூலில் புவித்தொடுப்பு. சிவப்பு வயருக்கு வெறுமனே "மின்சாரத்துடன் இணைக்கவும்". எந்த மின்சாரம்? சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் வயரில், ஃபியூஸ் வைத்து இணைக்க வேண்டும். எப்போதும் உயிரோடு இருக்கும் வயரில் கொடுத்தால் பேட்டரியைக் காக்க வந்த கருவியே இரவு பகலாக அதைக் குடிக்கும்.

இன்னொன்று: காரோடு வராமல் நாமாக வாங்கிப் பூட்டும் பாகங்களை ஆங்கிலத்தில் ஆஃப்டர்மார்க்கெட் என்பார்கள், தாள் அதை "பிற்சந்தை" என்கிறது. காலைச் சந்தை முடிந்த பிறகு கூடும் சந்தை என்றுதான் தமிழ்க் காதில் விழும். பட்டறையில் யாரும் தடுமாறுவதில்லை: "கம்பெனி ஐட்டமா, வெளிய வாங்குனதா?" என்று கேட்கிறார்கள். அதைக் கேட்டிருந்தால் வெளிச்சந்தைப் பொருள் என்ற சொல் தானாகவே வந்திருக்கும். கேட்கவில்லை. வோல்ட்மீட்டர் கேஜ் என்பதை "மின்னோட்டமானி அளவுகோல்" ஆக்கியிருக்கிறார்கள். மானி என்றாலே அளக்கும் கருவி. கோல் எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் ஒரு தமிழ்ச் சொல்லை வைத்தாக வேண்டும் என்று யார் சொன்னது? பெருவிரைவு ரயில், உணவங்காடி நிலையம், வாகன உரிமைச் சான்றிதழ் என்று பொருளைப் பார்த்துச் சொல் ஆக்கிய ஊர் சிங்கப்பூர். இங்கே விற்கும் பெட்டிக்குள் இப்படியொரு தாள் இருப்பது எனக்கு வலிக்கிறது. தமிழை யாரும் படிக்கமாட்டார்கள், இடத்தை நிரப்பினால் போதும் என்ற நினைப்பு அதில் தெரிகிறது. படிக்கிறார்கள். கையில் வயர் கட்டரோடு படிக்கிறார்கள்.

பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதும் இந்தச் சொல் தெளிவு உதவும். அளக்கப்போவது அழுத்தம் என்று தெரிந்தால் முகப்பில் எந்த எண்கள் வேண்டும் என்பதும் தெரியும். நிறைந்த பேட்டரி 12.6, 12.2-க்கு வந்துவிட்டால் பாதிதான் மிச்சம். இந்த 0.4 வோல்ட் கண்ணுக்குத் தெரிய வேண்டும். 0 முதல் 20 வரை பரந்த முகப்பில் அதைப் பிரித்தறிவது கடினம். 8 முதல் 18 வரை உள்ளதை வாங்குங்கள், அல்லது புள்ளிக்குப் பின் ஓர் இலக்கமாவது காட்டும் எண்வகை (டிஜிட்டல்). எஞ்சின் ஓடும்போது பெரும்பாலும் 13.8 முதல் 14.5 வரை நிற்க வேண்டும். தொடர்ந்து 13-க்குக் கீழே கிடந்தால் எஞ்சினோடு சுற்றி மின்சாரம் ஆக்கும் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள், 15-ஐத் தாண்டினால் அதன் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை. புதிய கார்கள் சிலவற்றில் கம்ப்யூட்டரே ஆல்டர்னேட்டரைக் கூட்டிக் குறைக்கும், அங்கே முள் அலைவது நோயன்று. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் வகையும் கிடைக்கிறது, மலிவு. ஆனால் வயரில் இழக்கும் அழுத்தத்தால் உண்மையைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டலாம். வட்டமானிகளில் 52 மில்லிமீட்டரும் 60 மில்லிமீட்டரும் பரவலான அளவுகள். பூட்டப்போகும் இடத்தை அளந்துவிட்டுப் போங்கள்.

எனக்கு இது தேவைப்பட்டதற்குக் காரணம் ஈசூனில் எங்கள் புளோக்கின் பலமாடிக் கார் நிறுத்துமிடம். உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து ஓட்டும் பழைய கார். நிறுத்தியிருக்கும்போதும் பதிவுசெய்யும் டேஷ்கேம் வேறு. ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினால் பேட்டரி செத்துக் கிடக்கும், இரண்டு முறை நடந்துவிட்டது. இந்த ஊர் வெக்கையும் பேட்டரியின் ஆயுளைத் தின்னும்.

கேபிளை வெட்டவில்லை. "தம்பி, இது மின்னோட்டமானி இல்ல, மின்னழுத்தமானி" என்றதுமே அவர் கட்டரைக் கீழே வைத்துவிட்டார். மேற்கொண்டு நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சிவப்பைச் சாவிக்கு உயிர்பெறும் வயரில் ஃபியூஸோடும், கறுப்பைப் பாடியிலும் கொடுத்து அரை மணி நேரத்தில் முடித்தார். சாவியைத் திருப்பினேன். 12.4-இல் நின்ற முள் ஸ்டார்ட்டர் சுற்றியபோது 10 வரை இறங்கி, எஞ்சின் பிடித்ததும் 14.2-க்கு ஏறி நின்றது. தாளில் இருந்த ஒவ்வொரு மின்னோட்டமானியையும் தம்பி பேனாவால் அடித்து, மேலே மின்னழுத்தமானி என்று எழுதினார். அடுத்து யாராவது இதே பெட்டியைக் கொண்டுவந்தால் காட்டலாம் என்று பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். விற்ற கடைக்கு நானும் திருத்தங்களை எழுதி அனுப்பியிருக்கிறேன்.