ஒரே பிழை, இரண்டு தாத்தாக்கள்

என் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் இரண்டு மருத்துவ அறிக்கைகளோடு சுங்கை சிப்புட் வீட்டுக்கு வந்தாள். ஒன்று அவள் மகனுடையது; இன்னொன்று ஆஸ்பத்திரியில் பழக்கமான ஜொகூர் தோட்டத்துப் பையனுடையது. இருவருக்கும் கடுமையான ஹீமோஃபீலியா, அதாவது ரத்தம் எளிதில் உறையாத நோய். இரண்டிலும் ஒரே வரி: 'இன்ட்ரான் 22 தலைகீழ் திருப்பம்'.

"அப்ப நாங்க சொந்தமா சார்? முனியாண்டிக்கு நேர்ந்ததைச் செய்யலேன்னு மாமியார் என்னையே திட்றாங்க."

ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணியின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அதுவும் அம்மா தருவது. பழுதானால் ஈடு இல்லை. இது பள்ளிப் பாடம்.

ஒரே பிழை பலரிடம் இருந்தால் எல்லாரும் ஒரு கொடி என்றுதான் தோன்றும். சில நோய்களில் அது உண்மையும்கூட. அஷ்கெனாசி யூதரிடமும் ஈராக்கிய யூதரிடமும் ரத்தம் உறைய உதவும் இன்னொன்றான பதினோராம் காரணியின் மரபணுவில் ஒரே பிழை உண்டு. அக்கம்பக்கத்து டிஎன்ஏ அடையாளங்களும் ஒத்துப்போவதால் மூலம் ஒன்றே. நம் தோட்டங்களில் எங்கே நின்றாலும் ஆர்ஆர்ஐஎம் 600 என்ற ரப்பர் ரகப் பால்மரமெல்லாம் ஒரே தாய்மரத்து ஒட்டு என்பதுபோல.

இவர்கள் விஷயம் வேறு. அவள் மகளின் சடை ரிப்பனை வாங்கி, ஒரு முனைக்குப் பக்கத்தில் வலப்பக்கமாகவும், தள்ளி இடப்பக்கமாகவும் அம்புக்குறி போட்டேன். மரபணுவில் காரணிக்கான குறிப்பு எழுதிய துண்டுகள் எக்ஸான்கள்; அவற்றுக்கு இடையில் வருபவை இன்ட்ரான்கள். எட்டாம் காரணி மரபணுவின் 22-ஆம் இன்ட்ரானில் சுமார் 9,500 டிஎன்ஏ எழுத்து நீளத் துண்டு ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 5 லட்சம் எழுத்து தள்ளி அதன் நகல், எதிர்த்திசையில். ரிப்பனை மடித்தால் இரண்டு அம்பும் ஒன்றன்மேல் ஒன்று, ஒரே திசை பார்த்துப் படியும். அங்கே வெட்டி, முனைகளை மாற்றி ஒட்டினேன். நடுவிலிருந்த பகுதி அப்படியே திரும்பிக்கொண்டது! 26 எக்ஸான்களில் முதல் 22 ஒரு பக்கம் பார்க்க, மீதி 4 வேறு பக்கம். முழுக் காரணி எப்படி உருவாகும்?

பெண்ணின் கருமுட்டை உருவாகும்போது இரண்டு எக்ஸும் பக்கத்தில் பக்கத்தில் படுத்து ஜோடி சேரும், மடங்க இடமில்லை. விந்தணு உருவாகும்போதோ எக்ஸ் தனியாள். அந்த இடத்துக்கு ஒய்யில் ஜோடி கிடையாது. ஜோடி தேடித் தன்மேலேயே மடிகிறது. அதனால்தான் இந்தத் திருப்பம் பெரும்பாலும் ஆண்களின் விந்தணுவில், மறுபடி மறுபடி புதிதாக நிகழ்கிறது. எட்டாம் காரணிக் குறையால் வரும் கடுமையான ஹீமோஃபீலியா 'ஏ'-இல் ஏறத்தாழ 45 சதவீதத்துக்கு இதுவே காரணம், 1993-இல்தான் கண்டுபிடித்தார்கள்.

மருமகளைத் திட்டும் மாமியார்கள் இதை ஒருமுறை படிக்கட்டும். கோயில் கமிட்டி வசூலில் கொஞ்சம் மரபணுப் பரிசோதனைக்கும் போனால் முனியாண்டி கோபித்துக்கொள்ள மாட்டார் என்பது என் கட்சி.

ஆக, இந்த ஒரு வரியை வைத்துச் சொந்தம் கொண்டாட முடியாது. இரு பையன்களின் எக்ஸிலும் அக்கம்பக்கத்து அடையாளங்களைப் பார்க்கவேண்டும். அவை வேறுபட்டால் பிழையும் தனித்தனியாக நடந்தது.

அவள் ரிப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க அப்பா முப்பது வருஷம் பால் வெட்டினவரு சார். கையில கத்தி பட்டா ரத்தம் சட்டுனு நின்னுரும்."

நிற்கத்தான் செய்யும். அவர் ரத்தத்தில் பிழையே இருந்திருக்காது. அவளை உண்டாக்கிய அந்த ஒரு விந்தணுவில் மட்டும் ரிப்பன் மடிந்திருக்கலாம்.