தோற்றுக்கொண்டே பந்தைத் தட்டிய ஜப்பான்: குழுச் சுற்றுக்குள் இருக்கும் கணக்கு

2018 ஜூன் 28. ரஷ்யாவின் வோல்கோகிராட் மைதானம். கால்பந்து உலகக் கோப்பைக் குழுச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் போலந்திடம் ஜப்பான் 0-1 என்று பின்தங்கியிருக்கிறது. முடியப் பத்து நிமிடம்கூட இல்லை. தோற்கிற அணி என்ன செய்யும்? தடுப்பாட்டக்காரர்களையும் முன்னே அனுப்பி, எப்படியாவது ஒரு கோல் போடப் பார்க்கும். ஜப்பான்காரர்கள் தங்கள் பாதியிலேயே நின்று பந்தை ஒருவருக்கொருவர் தட்டிக்கொண்டிருந்தார்கள். போலந்தும் வந்து பறிக்கவில்லை. அரங்கம் முழுக்க ஊளைச் சத்தம். ஆட்டம் 0-1 என்றே முடிந்தது. ஜப்பான் அடுத்த சுற்றுக்குப் போனது.

அவர்கள் ஆடிக்கொண்டிருந்தது வோல்கோகிராடில். கணக்கு நடந்துகொண்டிருந்தது சமாராவில். அங்கே அதே நேரத்தில் கொலம்பியாவும் செனகலும் மோதின. 74-வது நிமிடத்தில் கொலம்பியாவின் யெர்ரி மினா தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். அந்த நொடியில் ஜப்பானுக்கும் செனகலுக்கும் எல்லாம் சமமாகிவிட்டது. இரண்டுக்கும் 4 புள்ளி, போட்ட கோல் 4, வாங்கிய கோல் 4. இருவரும் நேருக்கு நேர் ஆடியதும் 2-2 டிரா. மிச்சமிருந்த ஒரே வித்தியாசம், முறைகேடான ஆட்டத்துக்கு நடுவர் காட்டும் மஞ்சள் அட்டை. ஜப்பானுக்கு 4, செனகலுக்கு 6. உலகக் கோப்பையில் அட்டைக் கணக்கில் ஓர் அணி முன்னேறியது அதுவே முதல் முறை. செனகல் ஒரே ஒரு கோல் திருப்பிப் போட்டிருந்தாலும் ஜப்பான் மூட்டை கட்டியிருக்க வேண்டும். வேறொரு நகரில் ஆடும் ஆட்டத்தின் மீது பந்தயம் கட்டி ஜெயித்தார்கள்.

குழுச் சுற்றைப் பலரும் நாக் அவுட்டுக்கு, அதாவது தோற்றால் வெளியேறும் சுற்றுக்கு, முந்தைய ஒரு சடங்கு போலப் பார்க்கிறார்கள். எனக்கு அதுதான் போட்டியின் மிக அழகான பகுதி. ஓர் ஆட்டத்தின் முடிவு இன்னோர் ஆட்டத்துக்குள் புகுந்து வேலை செய்வது அங்கேதான். அது எப்படி என்று பார்ப்போம்.

நான்கு அணிகள் ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடு ஒருமுறை ஆடினால் மொத்தம் ஆறு ஆட்டங்கள். ஒவ்வோர் ஆட்டமும் மூன்று விதமாக முடியலாம்: இவர் வெற்றி, அவர் வெற்றி, டிரா. மூன்றை ஆறு முறை பெருக்கினால் 729. ஆனால் அணிகளின் பெயரை மறந்துவிட்டு, புள்ளிகளை மட்டும் இறங்குவரிசையில் எழுதிப் பார்த்தால் 40 பட்டியல்கள்தான் வரும். வெற்றிக்கு 3, டிராவுக்கு 1 என்ற கணக்கில் இது.

அந்த நாற்பதுக்குள் விசித்திரங்கள் உண்டு. மூன்று அணிகள் ஒன்றையொன்று வட்டமாக வென்று, நான்காவது அணியையும் வென்றால் 6, 6, 6, 0. முதலிரண்டு அணிகளுக்கே இடம் என்றால், மூன்றில் இரண்டு ஆட்டங்களை வென்ற ஓர் அணி வீட்டுக்குப் போகும். எதிர்ப்பக்கம், ஓர் அணி எல்லாரையும் வென்று மற்ற மூவரும் தங்களுக்குள் டிரா செய்தால் 9, 2, 2, 2. ஓர் ஆட்டம்கூட வெல்லாத அணி இரண்டாமிடத்தில் முன்னேறிவிடும். 7 புள்ளி எடுத்தவரை மட்டும் யாராலும் வெளியே தள்ள முடியாது. வேண்டுமானால் ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஏன் முடியாது என்பது ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

வெறும் மூன்று ஆட்டங்கள்தான் என்பதால் புள்ளிகள் அடிக்கடி சமமாகும். 1994-இல் இத்தாலி, மெக்சிகோ, அயர்லாந்து, நார்வே நான்கும் தலா 4 புள்ளியோடு முடித்தன. நான்குக்கும் கோல் வித்தியாசம் பூஜ்ஜியம். மூன்று ஆட்டங்களில் ஒரு கோல் மட்டுமே போட்டிருந்த நார்வே அதனாலேயே கடைசியானது. ஆக, சமமானால் எதை முதலில் பார்ப்பது என்ற விதி வெறும் அலுவலகச் சமாசாரம் கிடையாது. அணிகள் எப்படி ஆடும் என்பதையே அது மாற்றிவிடுகிறது.

சரி, இந்த அமைப்பு எங்கே உடையும்? இதற்கு 1982-க்குப் போக வேண்டும். ஸ்பெயினின் கிஹோன் நகரம்.

முதல் ஆட்டத்தில் அல்ஜீரியா மேற்கு ஜெர்மனியை 2-1 என்று வீழ்த்தியிருந்தது. அப்புறம் ஆஸ்திரியாவிடம் 0-2 தோல்வி, ஜூன் 24-இல் சிலியை 3-2 என்று வென்றது. அன்று வெற்றிக்கு 2 புள்ளி. அல்ஜீரியாவிடம் 4 புள்ளி, 5 கோல் போட்டு 5 வாங்கியிருந்தது. மறுநாள் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோத வேண்டும். ஆஸ்திரியாவிடம் 4 புள்ளி, 3 கோல் போட்டு ஒன்றுகூட வாங்கவில்லை. ஜெர்மனியிடம் 2 புள்ளி.

அந்த இரு அணிகளும் முந்தைய இரவு உட்கார்ந்து போட்டிருக்கக்கூடிய கணக்கு இது. டிரா ஆனால் ஜெர்மனி வெளியே. ஜெர்மனி மூன்று கோல் வித்தியாசத்தில் வென்றால் ஆஸ்திரியாவின் கோல் வித்தியாசமும் பூஜ்ஜியமாகி, அதிகக் கோல் போட்ட அல்ஜீரியா முன்னே போகும். ஜெர்மனி ஒன்று அல்லது இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால் இருவருமே உள்ளே. பத்தாவது நிமிட வாக்கில் ஹோர்ஸ்ட் ஹ்ரூபெஷ் கோல் போட்டார். மீதி எண்பது நிமிடம் பந்து நடுமைதானத்தில் சும்மா உருண்டது. 1-0. அல்ஜீரியா புகார் கொடுத்தது, ஏற்கப்படவில்லை. விதி எதுவும் மீறப்படவில்லையே!

அவர்கள் முன்கூட்டியே பேசி வைத்தார்களா என்பது இங்கே தேவையே இல்லை. ஒரு வார்த்தை பேசாமலேயே இரு அணிகளும் அதே இடத்துக்கு வந்து சேரும். இருவருக்கும் சாதகமான ஒரு முடிவு இருக்கிறது, அது எது என்று இருவருக்கும் தெரியும், கெடுக்கக்கூடிய மூன்றாமவர் ஆடி முடித்துவிட்டார். இந்த மூன்றும் சேர்ந்தால் போதும்.

மருந்து எளிமையானது. 1986 உலகக் கோப்பையிலிருந்து ஒரு குழுவின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. மறைக்க வேண்டியது தகவலைத்தான் என்று புரிந்துகொண்டு செய்த மாற்றம் இது. அதன் பலனை 2022-இல் கண்ணால் பார்த்தோம். இந்திய நேரம் நள்ளிரவு தாண்டி, தொலைக்காட்சியில் ஜப்பான்-ஸ்பெயின், கைபேசியில் ஜெர்மனி-கோஸ்டாரிகா என்று நான் உட்கார்ந்திருந்தேன். ஸ்பெயினை ஜப்பான் 2-1 என்று முந்தியிருந்தபோது, 70-வது நிமிடத்தில் ஜெர்மனியைக் கோஸ்டாரிகாவும் 2-1 என்று முந்தியது. மூன்று நிமிடங்களுக்கு ஸ்பெயின், ஜெர்மனி இரண்டுமே போட்டியை விட்டு வெளியே இருந்தன! பிறகு ஜெர்மனி 4-2 என்று வென்றும் பயனில்லை; ஜப்பானும் ஸ்பெயினும் முன்னேறின.

இந்த மருந்து வேலை செய்வதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. குழுவில் இரட்டைப்படை எண்ணில் அணிகள் இருக்க வேண்டும். நான்கு பேர் என்றால் இரண்டு ஜோடி. எல்லாரும் ஒரே நேரத்தில் ஆடலாம். வீட்டில் மூன்று பேர் இருந்து இருவர் சதுரங்கம் ஆடினால் மூன்றாமவர் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். மூன்று அணிக் குழுவில் கடைசி ஆட்டத்தின்போது ஓர் அணி எப்போதும் சும்மா இருக்கும். கிஹோன் விபத்தாக இருந்தது போய், அமைப்பின் பகுதியாகவே ஆகிவிடும்.

மூன்று அணிக் குழு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பார்படோஸ் உதாரணம். 1994 ஜனவரி 27, கரீபியன் கோப்பைத் தகுதிச் சுற்று. பார்படோஸ், கிரெனடா, போர்ட்டோ ரிக்கோ ஆகிய மூன்று அணிக் குழுவில் ஒன்றுக்குத்தான் இடம். கிரெனடாவை பார்படோஸ் இரண்டு கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். ஒரு புது விதியும் இருந்தது: கூடுதல் நேரத்தில் போடும் கோல்டன் கோல், அதாவது போட்டதும் ஆட்டத்தையே முடித்துவிடும் கோல், இரண்டு கோலாக எண்ணப்படும். பார்படோஸ் 2-0 என்று முந்தியது. 83-வது நிமிடத்தில் கிரெனடா ஒன்றைத் திருப்பியது. நேரம் குறைவு. பார்படோஸ் யோசித்தது: இன்னொரு கோலுக்கு அலைவதைவிட ஆட்டத்தை டிரா ஆக்கிவிட்டால் கூடுதல் நேரம் கிடைக்கும், அங்கே ஒரு கோலுக்கு இரண்டு. தன் வலைக்குள்ளேயே பந்தை அடித்து சேம்சைடு கோல் போட்டது. 2-2. கிரெனடாவுக்கும் உறைத்தது: 3-2 என்று வென்றாலும் சரி, 2-3 என்று தோற்றாலும் சரி, தகுதி நிச்சயம். ஆகவே அவர்கள் இரண்டு வலைகளில் எதிலாவது கோல் போடப் பார்க்க, பார்படோஸ் இரண்டு வலைகளையும் காத்து நின்றது. கூடுதல் நேரத்தில் கோல் போட்டு 4-2 என்று முன்னேறியது. பார்படோஸ் வீரர்கள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. விதி எதைக் கேட்டதோ அதைச் செய்தார்கள்.

ஒரே நேரத்தில் ஆடினாலும் தப்பாத இடம் ஒன்று உண்டு. ஐரோப்பிய நாடுகளின் கோப்பையான யூரோவில், 2004-இல் இத்தாலி டென்மார்க்குடன் 0-0, ஸ்வீடனுடன் 1-1. டென்மார்க்கும் ஸ்வீடனும் பல்கேரியாவை வென்றுவிட்டன. கடைசி நாளில் இத்தாலியும் பல்கேரியாவை வென்று, டென்மார்க்-ஸ்வீடன் டிரா ஆனால் மூவருக்கும் 5 புள்ளி. யூரோவின் விதிப்படி முதலில் பார்ப்பது அந்த மூவரும் தங்களுக்குள் ஆடியதை. அதில் எல்லாமே டிரா; எனவே அந்த ஆட்டங்களில் போட்ட கோல்களை எண்ண வேண்டும். இத்தாலிக்கு ஒன்றே ஒன்று. டென்மார்க்-ஸ்வீடன் 2-2 ஆனால் ஸ்வீடனுக்கு 3, டென்மார்க்குக்கு 2. இத்தாலி பல்கேரியாவுக்கு எத்தனை கோல் போட்டாலும் வெளியே. ஆட்டம் சரியாக 2-2 என்று முடிந்தது. 89-வது நிமிடத்தில் சமன் செய்த கோல். பேசி வைத்தார்கள் என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. கவனிக்க வேண்டியது வேறு: ஒரே நேரத்தில் ஆடுவது மற்ற ஆட்டத்தின் முடிவை மறைக்கும். மற்ற ஆட்டத்தையே செல்லாததாக்கும் விதி இருந்தால் மறைக்க ஒன்றும் மிஞ்சாது. 2022 வரை உலகக் கோப்பை பின்பற்றியது போல மொத்தக் கோல் வித்தியாசத்தை முதலில் பார்த்திருந்தால், பல்கேரியாவை மூன்று கோலில் வென்று இத்தாலி தப்பித்திருக்கலாம்.

இதெல்லாம் தெரிந்தும், 2026 உலகக் கோப்பைக்கு 48 அணிகள் என்று 2017-இல் அறிவித்தபோது உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா எடுத்த முடிவு, தலா மூன்று அணிகள் கொண்ட 16 குழுக்கள். ஜூலியன் குயோன் என்ற கணிதவியலாளர் இதன் ஆபத்தை எண்களோடு விளக்கி ஆய்வுக் கட்டுரை எழுதினார். 2022-இல் கத்தாரில் நான்கு அணிக் குழுக்களின் கடைசி நாள்களை உலகமே பார்த்த பிறகு, 2023 மார்ச்சில் முடிவு மாறியது: தலா நான்கு அணிகள் கொண்ட 12 குழுக்கள். நல்ல முடிவு என்றே சொல்வேன்.

ஆனால் 12 குழுக்களில் முதலிரண்டு இடம் பிடிப்பவை 24 அணிகள். நாக் அவுட்டுக்கு 32 வேண்டும். மீதி எட்டு இடங்கள் மூன்றாமிடம் பிடித்தவர்களில் சிறந்தவர்களுக்கு. எந்த எட்டுக் குழுக்களிலிருந்து அவர்கள் வருவார்கள் என்பது 495 விதமாக அமையலாம்; யார் யாரோடு மோதுவது என்று ஒவ்வொன்றுக்கும் அட்டவணை போட வேண்டியிருந்தது. முன்பு 48 ஆட்டங்கள் ஆடி 16 அணிகளை வீட்டுக்கு அனுப்பினோம். இந்த அமைப்பில் 72 ஆட்டங்கள் ஆடியும் அதே 16 அணிகள்தான் வீட்டுக்குப் போகும்.

அதைவிட எனக்கு உறுத்துவது, மூடிய கதவு மறுபடி திறப்பது. மூன்றாமிடக்காரர்களை ஒப்பிடும்போது பன்னிரண்டு குழுக்களும் ஒரே பெரிய குழு போல ஆகிவிடுகின்றன. அவை எல்லாம் ஒரே நேரத்தில் ஆட முடியாது. 24 அணி யூரோவில் இதைப் பார்த்தாயிற்று. 2016-இல் அல்பேனியா ஜூன் 19-இல் 3 புள்ளியோடு ஆடி முடித்து, மூன்று நாள் மற்றவர்களின் ஆட்டங்களைப் பார்த்துக் காத்திருந்து, வெளியேறியது. 22-ஆம் தேதி ஆடிய போர்ச்சுகல் மூன்று டிராக்களால் அதே 3 புள்ளி எடுத்து, கோல் வித்தியாசத்தில் நுழைந்து, கோப்பையையே வென்றது.

2026 அட்டவணைப்படி ஏ, பி, சி குழுக்களுக்கு ஜூன் 24-இல் குழுச் சுற்று முடியும். ஜே, கே, எல் குழுக்களுக்கு ஜூன் 27. முன்னேற எத்தனை புள்ளி, எத்தனை கோல் வித்தியாசம் போதும் என்பது கடைசியில் ஆடுபவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கும். முதலில் ஆடியவர்கள் விடுதி அறையில் காத்திருப்பார்கள். ஜே குழுவின் கடைசி நாள் ஆட்டங்களில் ஒன்று, குலுக்கலில் விழுந்தபடி, ஆஸ்திரியாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் இடையே.