வாட் எண்ணும் உண்மையான ஒலியும்: சிறிய கிட்டார் ஆம்ப் வேலை செய்யும் விதம்

டிசம்பர் பிறந்துவிட்டால் கன்னியாகுமரி மாவட்டத்தின் கிறிஸ்தவச் சபைகளிலும் பங்குகளிலும் கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ் தொடங்கிவிடும். இருட்டிய பிறகு புறப்படும் குழு, ரப்பர் தோட்டத்து மேடுபள்ளங்களிலும் கடற்கரைச் சந்துகளிலும் வீடுவீடாக ஏறி இறங்கிப் பாடிவிட்டு நள்ளிரவு தாண்டித்தான் திரும்பும். அந்தக் குழுவில் கிட்டார் வாசிப்பவருக்குத் தேவைப்படுவது, ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் அடங்கிய, ஒரு கையால் தூக்க முடிகிற, மின் இணைப்பு இல்லாத முற்றத்திலும் ஒலிக்கிற, பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற ஒரு காம்போ ஆம்ப். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கடைக்குள் நுழைந்தவுடன் பலரும் கேட்பது, “அண்ணே, இது எத்தனை வாட்?” என்பதைத்தான். அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்கிய ஆம்ப் முற்றத்தில் வைத்தவுடன் சோர்ந்துபோவது ஏன் என்று தெரிந்துகொள்ள, கம்பியின் அதிர்வு காதுக்கு வந்து சேரும் பாதையை ஒருமுறை பின்தொடர வேண்டும்.

எலெக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப் என்பது, காந்தத்தைச் சுற்றித் தலைமுடி அளவு மெல்லிய செம்புக் கம்பியைப் பல ஆயிரம் சுற்றுகள் சுற்றிய சுருள். அதன் மேலே உருக்குக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. மெல்ல மீட்டினால் சில பத்து மில்லிவோல்ட், ஓங்கி அடித்தால் ஒரு வோல்ட்டை நெருங்கும் அளவு. அவ்வளவுதான் கிட்டாரின் சொந்த பலம். ஆகவே கிட்டார் ஆம்பின் உள்ளீடு அந்தச் சுருளிலிருந்து மின்னோட்டத்தை ஏறக்குறைய எடுக்காமலேயே மின்னழுத்தத்தை உணரும்படி, சுமார் 10 லட்சம் ஓம் மின்மறிப்போடு (மின்னோட்டத்துக்குக் காட்டும் தடையோடு) அமைக்கப்படுகிறது. ஆலயத்தில் ஒலிகளைக் கலக்கும் மிக்சரின் லைன் உள்ளீட்டில் இது பெரும்பாலும் 10,000 ஓம் அளவில்தான் இருக்கும். எலெக்ட்ரிக் கிட்டாரை அதில் நேரடியாகச் செருகினால் ஓசை மங்கிப்போவதற்குக் காரணம் இதுவே.

கொயர் எனும் ஆலயப் பாடகர் குழுக்களில் அதிகம் புழங்கும், நம் ஊரில் செமி அக்கூஸ்டிக் என்று அழைக்கப்படும், பிக்கப் பொருத்திய அக்கூஸ்டிக் கிட்டாரின் கதை வேறு. அதில் காந்தம் இல்லை. பாலத்தில் கம்பிகள் அமரும் இடத்துக்கு அடியில் இருக்கும் பீசோ பட்டை, அழுத்தம் மாறும்போது மின்னழுத்தம் தருகிறது. கிட்டாரின் பக்கவாட்டில் 9 வோல்ட் பேட்டரியோடு ப்ரீஆம்ப் எனும் சிறு முன்பெருக்கிச் சுற்று இருந்தால், அது இந்தச் சிக்னலை எந்த உள்ளீட்டிலும் செருகத்தக்கதாக மாற்றிவிடும். ப்ரீஆம்ப் இல்லாத பீசோவைக் குறைந்த மின்மறிப்புள்ள உள்ளீட்டில் செருகினால் தாழ்ந்த சுரங்கள் வடிந்து, தகரத்தில் தட்டியதுபோன்ற ஓசைதான் மிஞ்சும்.

சிக்னல் அடுத்துச் செல்வது, ஸ்பீக்கரை இயக்கும் அளவுக்கு அதைப் பெருக்கும் பவர் ஆம்புக்கு. வாட் என்ற எண் இங்கேதான் பிறக்கிறது. அட்டைப்பெட்டியில் பிஎம்பிஓ (கண நேர உச்சத் திறன்) என்று அச்சிட்டிருக்கும் நூற்றுக்கணக்கான வாட்டை நான் கணக்கில் எடுப்பதே இல்லை, ஏனெனில் அதை அளக்கப் பொதுவான முறை எதுவும் கிடையாது. ஆர்எம்எஸ் என்று குறிப்பிட்டிருக்கும் எண்ணே தொடர்ந்து தரக்கூடிய திறனைக் காட்டும். அதையும் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அடாப்டரைத் திருப்பி அதில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றிருந்தால், இரண்டையும் பெருக்கினால் கிடைக்கும் 24 வாட்தான் உள்ளே போகும் மின்திறன். உள்ளே பேட்டரி இருந்தால் அது சில கணங்களுக்குக் கூடுதலாகக் கைகொடுக்கலாம். ஆனால் 24 வாட்டை வாங்கும் பெட்டி இடைவிடாமல் 100 வாட் தர முடியாது.

உண்மையான வாட் தெரிந்த பிறகும் ஒலியளவு தெரிந்துவிடாது. நம் காது திறனை மடக்கை முறையில் உணர்கிறது. 15 வாட்டை 30 வாட்டாக்கினால் கூடுவது 3 டெசிபெல்தான். கவனித்துக் கேட்டால் மட்டுமே அந்த வேறுபாடு புலப்படும். இருமடங்கு உரக்கக் கேட்பதாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு திறன் வேண்டும். ஸ்பீக்கர்களுக்கிடையே உள்ள வேறுபாடோ இதைவிடப் பெரியது. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளக்கும்போது எத்தனை டெசிபெல் வருகிறது என்பதே ஸ்பீக்கரின் உணர்திறன். 88 டெசிபெல் உணர்திறனுள்ள ஸ்பீக்கருக்கு 40 வாட் கொடுத்தால் கிடைப்பது சுமார் 104 டெசிபெல். 97 டெசிபெல் ஸ்பீக்கருக்கு வெறும் 10 வாட் கொடுத்தாலே 107 டெசிபெல் வந்துவிடும். நான்கில் ஒரு பங்குத் திறனுள்ள ஆம்ப் இங்கே உரக்க ஒலிக்கிறது. கடைக்காரரிடம் வாட்டைக் கேட்கும்போதே ஸ்பீக்கரின் உணர்திறனையும் விட்டத்தையும் கேட்கச் சொல்வது இதனால்தான்.

திறந்தவெளியில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகும். தொலைவு இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபெல் குறையும். ஒரு மீட்டரில் 107 டெசிபெல் தரும் ஆம்ப், 16 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 83 டெசிபெல்தான் தரும். அறைக்குள் சுவர்கள் திருப்பி அனுப்பும் ஒலியும் சேர்ந்துகொள்ளும். முற்றத்தில் அந்த உதவி கிடையாது. கடையின் நான்கு சுவருக்குள் கேட்ட முழக்கம் வெளியே காணாமல் போவது ஆம்பின் கோளாறு அன்று.

பெட்டி சிறியதாக இருந்தால் தாழ்ந்த சுரங்கள் எப்படி வரும் என்பது நியாயமான கேள்வி. கிட்டாரின் தடித்த கம்பி நொடிக்கு 82 முறை அதிர்கிறது. 5, 6 அங்குல ஸ்பீக்கர் அந்த அதிர்வெண்ணில் போதிய காற்றைத் தள்ளுவதில்லை; மூடிய சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றும் ஸ்பீக்கரின் முன்னும் பின்னும் அசையும் கூம்பைத் தடுக்கிறது. பின்புறம் திறந்த பெட்டியில் கூம்பின் பின்னால் எழும் அலை முன்னால் சுற்றி வந்து தாழ்ந்த ஒலியையே அழிக்கிறது. இருந்தும் அந்தச் சுரம் நமக்குக் கேட்கிறது. அதே கம்பி 165, 247 ஹெர்ட்ஸ் என அடுக்கடுக்காக மேற்சுரங்களையும் எழுப்புகிறது. இவற்றைக் கேட்கும் மூளை, இல்லாத அடிச்சுரத்தைத் தானே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. ரோலண்டின் மைக்ரோ கியூப் போன்ற 5 அங்குல ஸ்பீக்கர் கொண்ட ஆம்ப்கள் கேட்கத்தக்க கிட்டார் ஒலியைத் தருவதற்குச் செவியின் இந்த அற்புதமும் ஒரு காரணம். பேஸ் கிட்டாரை மட்டும் இவற்றில் செருக வேண்டாம். அதன் தாழ்ந்த கம்பி 41 ஹெர்ட்ஸ். கூம்பு அளவுக்கு மீறி அசைந்து கிழிய வாய்ப்புண்டு.

உயர்ந்த அதிர்வெண்களில்தான் பலருடைய தேர்வு தவறிப்போகிறது. எலெக்ட்ரிக் கிட்டாருக்கான ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியைச் சரசரவென்று குறைத்துவிடும். ஓசையை வேண்டுமென்றே உடைத்து வாசிக்கும் டிஸ்டார்ஷனின் கூர்மையை இனிமையாக்குவது இந்தக் குறைப்பே. ஆனால் செமி அக்கூஸ்டிக்கின் பளபளப்பு இருப்பதே அதற்கு மேலேதான். கேரலுக்கும் ஆராதனைக்கும் செமி அக்கூஸ்டிக் வாசிப்பவர், உயர்ந்த அதிர்வெண்களுக்கான சிறு ஸ்பீக்கராகிய ட்வீட்டர் உள்ள அக்கூஸ்டிக் ஆம்பைத் தேடுவதே சரி. மைக் உள்ளீடும் சேர்ந்திருந்தால் பாடுபவருக்கும் அதே பெட்டி போதும்.

ஆம்பை வைக்கும் இடமும் விலையில்லாத ஓர் ஏற்பாடு. உயர்ந்த அதிர்வெண்கள் ஸ்பீக்கரிலிருந்து நேர்கோட்டில் குறுகிப் பாய்பவை. தரையில் வைத்த ஆம்பின் தெளிவு முழுவதும் வாசிப்பவரின் முழங்காலுக்குப் போகிறது. காதுக்கு மந்தமான பகுதியே எட்டுவதால் அவர் உயர்ந்த ஒலியைக் கூட்டும் ட்ரெபிள் குமிழைத் திருகி ஏற்றுகிறார், எதிரே நிற்பவருக்கோ அது காதைக் குத்துகிறது. பெட்டியை ஒரு நாற்காலியின் மேல் ஏற்றுங்கள், அல்லது முன்பக்கத்துக்கு அடியில் ஒரு செங்கல்லைக் கொடுத்துச் சாய்த்து வையுங்கள்.

பேட்டரியில் நெடுநேரம் ஓடுவதற்குக் காரணம் டி வகுப்புச் சுற்று. பழைய ஏபி வகுப்பில் டிரான்சிஸ்டர்கள் பாதி திறந்த நிலையிலேயே வேலை செய்வதால், மின்திறனில் பாதியளவு வெப்பமாக வீணாகும். டி வகுப்பில் அவை நொடிக்குப் பல லட்சம் முறை முழுதாகத் திறந்து முழுதாக மூடுகின்றன. திறந்திருக்கும் நேரத்தின் விகிதமே ஒலியின் வடிவம். இதனால் செயல்திறன் 85 சதவீதத்தையும் தாண்டுகிறது. 7.4 வோல்ட், 4,400 மில்லிஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் ஏறத்தாழ 32 வாட்-மணி ஆற்றல் உண்டு. சராசரியாக 6 வாட் எடுக்கும் ஆம்ப் அதில் ஐந்து மணி நேரம் ஓடும். டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் வால்வு ஆம்பின் ஓசையை நானும் விரும்புகிறேன். ஆனால் அதன் கனத்த டிரான்ஸ்ஃபார்மர்களைச் சுமந்துகொண்டு ரவுண்ட்ஸ் போக முடியாது.

மின் இணைப்பில் ஓட்டும்போது உயிர் சம்பந்தப்பட்ட ஒன்று உண்டு. கிட்டார் கம்பிகள் கேபிளின் உறை வழியாக ஆம்பின் எர்த்தோடு சேர்ந்திருக்கின்றன. பந்தலில் இழுத்த தற்காலிக வயரில் எர்த் இல்லாமல் போய், ஆம்பில் கசிவும் இருந்தால், கை கம்பியிலும் உதடு வேறொரு சாதனத்தின் மைக்கிலும் படும் கணத்தில் உடல் வழியே மின்சாரம் பாயும். ‘ம்ம்’ என்ற இரைச்சலைப் போக்குவதற்காக மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டுவதை யாரும் செய்யவே கூடாது. இருபருவ மழையும் பெறும் நம் மாவட்டத்தின் நனைந்த தரையில், பேட்டரியில் ஓடும் ஆம்பே எனக்கு நிம்மதி தருகிறது.

குளச்சல், முட்டம் போன்ற ஊர்களின் உப்புக் காற்று ஜாக்கின் உலோகத்தையும் வால்யூம் குமிழின் உட்பகுதியையும் விரைவில் அரிக்கிறது. கரகரப்பின் தொடக்கம் அதுதான். பயன்படுத்தாத மாதங்களிலும் குமிழ்களை அவ்வப்போது முழுதாகத் திருகி விடுவதும், லித்தியம் அல்லாத சாதாரணப் பேட்டரிகளைக் கழற்றி வைப்பதும் ஆயுளைக் கூட்டும்.

கடைக்குச் சொந்த கிட்டாரையே கொண்டுபோங்கள். உள்ளே வரும் சிக்னலைப் பெருக்கும் கெயின் குமிழைக் குறைத்து, மொத்த ஒலியளவுக்கான மாஸ்டர் குமிழைப் படிப்படியாக ஏற்றி, தடித்த கம்பியை ஓங்கி மீட்டுங்கள். ஓசை எந்த இடத்தில் உடைகிறதோ அதுவே அந்த ஆம்பின் மெய்யான எல்லை. கடைக்காரர் அனுமதித்தால் வாசலுக்கு வெளியே வைத்துப் பத்தடி தள்ளி நின்று இன்னொருவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கடைசியாக, பேட்டரியில் ஓடும்போதே சார்ஜரைச் செருகிப் பாருங்கள். மெல்லிய விசில் சத்தம் எழுந்தால் சார்ஜரின் வடிகட்டும் சுற்று மோசம் என்று பொருள். அந்தப் பெட்டியை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.